சென்னை நர்சரிகளின் ஒட்டுக் கன்றுகள்: வாங்குமுன் வேரையும் விசாரியுங்கள்

ஈ.சி.ஆர். ஓரமாக வரிசை கட்டியிருக்கும் நர்சரிகளில் ஒட்டு மா, ஒட்டு சப்போட்டா என்று அட்டை தொங்கும். அதில் இருப்பது மேல்பாதியின் பெயர் மட்டும்தான்: பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், அல்போன்சா. அந்தக் குச்சியைக் கட்டிய கீழ்ப்பாதி, அதாவது வேர்ச்செடி, என்ன என்று கேட்டால் பெரும்பாலும் “நாட்டு மாதான் சார்” என்பதோடு முடிந்துவிடும். அரை கிரவுண்டில் வீடு கட்டி, மிச்ச இடத்தில் மரம் வைக்கப் பார்க்கிறவருக்கு இந்தப் பதில் போதாது.

முதலில் “ஒட்டு என்றால் குள்ள மரம்” என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். அது ஆப்பிள் தோட்டத்துச் சங்கதி. இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தரம் பிரித்த வேர்ச்செடிகளில், எம்.27-இல் கட்டிய ஆப்பிள் மரம் ஆள் உயரத்தோடு நிற்கும், எம்.9-இல் கட்டினால் சுமார் 3 மீட்டர். வேர் பலவீனமாக இருப்பதால் எம்.9 மரத்துக்கு ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும். மாவுக்கு அப்படிப் படிப்படியாக உயரம் குறைக்கும் வேர்ச்செடி வரிசை நம் கடைகளில் இல்லை. வெள்ளைக்கொழும்பான் என்ற மா இரகம், மரத்தைக் குறுக்கும் வேர்ச்செடி என்று ஆராய்ச்சியில் பேர் வாங்கியது. ஆனால் நர்சரிக்காரர் கையில் கிடைத்த கொட்டையை முளைக்கவைத்துத்தான் ஒட்டுக் கட்டுகிறார். நம்மூர் மா இரகங்களில் பெரும்பாலானவை ஒரு கொட்டைக்கு ஒரு முளை தருபவை. அந்த முளை தாய் மரம் போலவே வராது. அதனால் ஒரே மரத்துக் குச்சியில் கட்டிய இரண்டு பங்கனப்பள்ளிகளில் ஒன்று மளமளவென்று ஏறும், இன்னொன்று தயங்கித் தயங்கி வளரும்.

பையிலேயே பூவும் பிஞ்சுமாக நிற்கும் கன்றைக் காட்டி “குள்ள இரகம்” என்பார்கள். அதை நம்பிக் கூடுதல் விலை தர வேண்டாம். ஒட்டுக்குச்சி காய்க்கிற மரத்திலிருந்து வந்தது, வேர் பையில் நெருக்கப்பட்டிருக்கிறது, பூத்துவிட்டது. மண்ணில் இறங்கியதும் அது வழக்கமான உயரத்துக்குத்தான் போகும். வாங்கி வந்தாலும் முதல் 2, 3 ஆண்டுப் பூவைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்று சவலையாகிவிடும்.

இடக் கணக்கு இது. மாவுக்கு வழக்கமான இடைவெளி 10 மீட்டர். அப்படியென்றால் ஒரு மரத்துக்கு 1,076 சதுர அடி, கிட்டத்தட்ட பாதி கிரவுண்டு. அம்ரபாலி என்ற மா இரகத்துக்கு 2.5 மீட்டர் போதும், 67 சதுர அடி. இது தசேரியும் நீலமும் சேர்ந்த தில்லிக் கலப்பு இரகம். குட்டை அதன் பிறவிக் குணம், வேர்ச்செடியின் தயவு இல்லை. சென்னை மனைக்கு மா கேட்டால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். இமாம் பசந்த் ருசிக்கு ராஜா, ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு குறைவாகக் காய்க்கும். எந்த மாவானாலும் 60–70 செ.மீ. உயரத்தில் நுனியை வெட்டி, மூன்று கிளைகளை மட்டும் விடுங்கள். பிறகு ஆண்டுதோறும் அறுவடை முடிந்த கையோடு கவாத்து. அக்டோபரில் வெட்டினால் புதுத் துளிர் முற்றுவதற்குள் பூக்கும் பருவம் வந்துவிடும், அந்த ஆண்டு இலைதான் மிச்சம்.

சப்போட்டாவில் கதை தலைகீழ். இங்கே நல்ல வேர்ச்செடி பாலா, சப்போட்டாவுக்கு உறவான ஒரு காட்டு மரம். அது மரத்தைக் குறுக்காது; திடமாக வளர்க்கும், வறட்சி தாங்கும், காய்ப்பைக் கூட்டும். பாலா நாற்று மெதுவாக வளர்வதால் ஒட்டுக்குத் தயாராகவே ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். விலை சற்றுக் கூடுவது நியாயம். கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் அதன் இலை நுனியைப் பாருங்கள். நுனி நடுவில் லேசாகப் பிளந்து உள்வாங்கியிருந்தால் பாலா. சப்போட்டா இலை நுனி அப்படி உள்வாங்காது. சோதித்ததும் அந்தத் துளிரை அடியோடு பிய்த்துவிட வேண்டும்; விட்டால் மேலே இருக்கும் சப்போட்டாவை அமுக்கிவிட்டு பாலா மரமே நிற்கும்.

நெருக்கு ஒட்டுக் கன்றுகளில், அதாவது இரண்டு செடிகளின் தண்டைச் சீவி நெருக்கிக் கட்டியவற்றில், பார்க்கும் பெரிய குறை, அவிழ்க்காத பாலித்தீன் கட்டு. தண்டு பருக்கப் பருக்க அது உள்ளே இறங்கி இறுக்கும். மேலே தடிப்பு, கீழே ஒல்லி என்றிருக்கும் கன்று பலமான காற்றில் அந்த இடத்திலேயே முறியும். விரல் நகத்தால் நெருடிப் பாருங்கள். இரண்டு பட்டையும் ஒன்றாகியிருக்க வேண்டும், இடைவெளி தட்டக் கூடாது. பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே அரை அடியாவது தெரிய வேண்டும். செம்மண்ணை அணைத்து ஒட்டை மூடினால் அங்கே ஈரம் தங்கி அழுகும்; சிலவற்றில் மேல்பாதியே வேர் விட்டுவிடும், பிறகு வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீண். வேளச்சேரி மாதிரி களிமண் பகுதியில் குழி தோண்டினால் ஐப்பசி மழையில் அது வாளியாகிவிடும். ஒன்றரை அடி மேடு போட்டு நடுங்கள். பெசன்ட் நகர் மணலுக்குக் குழியே சரி, தொழு உரம் தாராளமாக.

கொய்யா வாங்குகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. இங்கே பெரும்பாலும் பதியன்தான், தாய் மரத்துக் கிளையையே வேர்விட வைத்துப் பிரித்தது. வேரும் அதே இரகம், கீழிருந்து துளிர்த்தாலும் அதே கொய்யா. ஆணிவேர் இல்லாததால் முதல் 2 ஆண்டு முட்டுக்கம்பு கட்டாயம். புதுத் துளிரில்தான் காய்க்கும் என்பதால் எவ்வளவு வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது, ஏழடிக்குள் வைத்திருக்கலாம். லக்னோ 49 இரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எலுமிச்சைக்கு விதைக் கன்றே போதும், அது தாய் போலத்தான் வரும். “ஒட்டு எலுமிச்சை” என்று இரு மடங்கு விலை சொன்னால், வேர்ச்செடியின் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விதைக் கன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.