கையில் கட்டு: குரல் தட்டச்சுக்கு ஜிபோர்டா, கூகுள் டாக்ஸா?

வாட்ஸ்அப் பதில் போன்ற நாலு வரிக்கு, கூகுளின் கைபேசி விசைப்பலகையான ஜிபோர்டு போதும். அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, மைக்கைத் தொட்டுப் பேசலாம். யோசிக்கச் சற்று நிறுத்தினாலே மைக் அணைந்துவிடும். மறுபடி தொட வேண்டும். வலிக்கிற விரலுக்கு இதுதான் பெருந்தொல்லை.

பக்கக்கணக்கில் எழுத, இணையத்திலேயே ஆவணம் எழுத உதவும் கூகுள் டாக்ஸே கணினியில் மேல். குரோமில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ் அழுத்தி, மைக் பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கைதான் என்றால், விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டி ஸ்டிக்கி கீஸை இயக்குங்கள். பிறகு மூன்று விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தலாம். வேறு தாவலுக்குப் போனால் கேட்பது நின்றுவிடும். முற்றுப்புள்ளி, திருத்தம் இவற்றுக்கான குரல் கட்டளைகள் தமிழில் கிடையாது. எனவே முழுவதையும் பேசி முடித்து, நல்ல கையால் கடைசியில் ஒரேயடியாகத் திருத்துங்கள். இடையிடையே திருத்தினால் கைக்குத்தான் வேலை கூடும்.