1978-ஆ, 1990-ஆ? டோக்கியோவில் பழைய மான்ஷன் வாங்கும் கணக்கு

மான்ஷன் என்றதும் திருவல்லிக்கேணி நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம்: ஜப்பானில் அந்தச் சொல் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பைக் குறிக்கிறது. ஆனால் முதலீட்டுக்கென்று விற்கப்படும் 'ஒன்-ரூம் மான்ஷன்' பெரும்பாலும் 16 முதல் 20 சதுர மீட்டர்தான். பழையவற்றில் கழிப்பறையும் குளியல் தொட்டியும் முகம் கழுவும் தொட்டியும் ஒரே பிளாஸ்டிக் அறைக்குள் அடங்கிவிடும். திருவல்லிக்கேணி அவ்வளவு தூரத்தில் இல்லை.

கையில் 80 லட்சம் யென் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 1978-இல் கட்டிய, குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்தில் 40 சதுர மீட்டர் வீடு. நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. இன்னொரு பக்கம் 1990-இல் கட்டிய ஒன்-ரூம். ரயில் நிலையம் பக்கத்திலேயே.

தரகர் முதலில் சொல்வது நிலநடுக்க விதியைத்தான். 1981 ஜூன் 1 முதல் புதிய விதி. கட்டி முடித்த நாள் கணக்கில்லை, கட்டட அனுமதி கிடைத்த நாள்தான் கணக்கு. 1982-இல் முடிந்த கட்டடமும் பழைய விதிப்படி எழும்பியதாக இருக்கலாம். பழைய விதி ஜப்பானிய அளவுகோலில் (ஓர் இடம் எவ்வளவு குலுங்குகிறது என்று சொல்வது, உச்சம் 7; ரிக்டர் அல்ல) 5 வரையிலான அதிர்வை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 6, 7 அளவில் குலுங்கினாலும் கட்டடம் இடிந்து ஆட்களைக் கொல்லக்கூடாது என்பது புதியதன் நோக்கம். கான்கிரீட் குடியிருப்புக்கு வரிச்சட்டம் தரும் ஆயுளோ 47 ஆண்டுகள். இந்த இரண்டையும் பார்த்து வங்கிகள் 1978-க்குக் கடன் தரத் தயங்குகின்றன. நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் இதே கதைதான்.

இதுவரை 1990-தான் முன்னால். பணக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த ஒன்-ரூமுக்கு வாடகை மாதம் 60,000 யென் என்றால் ஆண்டுக்கு 7,20,000. விளம்பரத்தில் 9 சதவீதம் என்று பளிச்சிடும். பராமரிப்புக் கட்டணமும் பழுதுபார்ப்பு நிதியும் சேர்ந்து மாதம் 15,000 என்றால் 1,80,000 போய்விடும். வாடகை வசூலிக்கும் நிறுவனத்துக்கு 5 சதவீதம், பிறகு சொத்து வரி. கையில் நிற்பது 6 சதவீதத்துக்கும் குறைவு. வாங்கும்போது கொடுத்த தரகு 3,30,000 யென் இதில் சேரவில்லை.

அந்தப் பழுதுபார்ப்பு நிதியில்தான் ஒன்-ரூம் கவிழும். உரிமையாளர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் முதலீட்டாளர்கள். கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு யார் வருவார்கள்? நிதியை உயர்த்த வாக்கு வேண்டும். உயர்த்தினால் தன் லாபம் குறையும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுகிறார்கள். 12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய பழுதுபார்ப்புக்குச் சங்கம் கடன் வாங்க நேர்கிறது. இன்னொன்று: முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன கட்டணப் பாக்கியை, வீட்டை வாங்கியவரிடமே கேட்கச் சங்கத்துக்குச் சட்டம் இடம் தருகிறது.

நுழைவாயிலில் தபால் பெட்டி வரிசையைப் பார்த்தாலே பாதி புரியும். எத்தனை பெட்டிகளின் வாய் டேப்பால் ஒட்டப்பட்டிருக்கிறது? எதில் விளம்பரத் தாள்கள் பிதுங்குகின்றன? அறிவிப்புப் பலகையில் போன மாதக் கூட்டக் குறிப்பு தொங்குகிறதா, மூன்று வருடம் முந்தைய தாள் மஞ்சளாகிக் கிடக்கிறதா? குடும்பங்கள் வசிக்கும் 1978 கட்டடம் இந்தத் தேர்வில் பல நேரம் தேறிவிடும். 'மான்ஷனை வாங்காதே, அதன் நிர்வாகத்தை வாங்கு' என்று ஜப்பானியர்கள் சும்மா சொல்லவில்லை.

"விரைவில் இடித்துக் கட்டுவார்கள், புது வீடு கிடைக்கும்" என்ற ஆசைவார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்கும் வலு போதாத கட்டடம் போன்றவற்றுக்கு 2025-இல் திருத்திய சட்டம் அதை நான்கில் மூன்றாகக் குறைத்திருக்கிறது. அதுவும் சுலபமில்லை. டோக்கியோவின் கின்ஸா பக்கத்தில் 1972-இல் எழும்பிய நகாகின் கேப்ஸ்யூல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தை மாற்றிக் கட்டும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2022-இல் இடிப்பில்தான் முடிந்தது.

நீகாதா மாநிலத்தின் யூஸாவாவில் பனிச்சறுக்கு மோகத்தில் கட்டிய மான்ஷன்கள் ஒரு லட்சம் யென்னுக்கே கிடைக்கும். மாதக் கட்டணம் மட்டும் விடாது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நிலநடுக்க ஆய்வும் வலுவூட்டலும் முடித்த சான்று இருந்தால் 1978-ஐக் கடனில்லாமல் வாங்குவேன். சான்று இல்லையென்றால் 1990; அதுவும் சங்கத்தின் நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டத்தையும் பாக்கிப் பட்டியலையும் படித்த பிறகுதான் விலை பேசுவேன்.