மார்சியானோவா, அலியா? எதிராளியை வைத்துப் பார்த்தால்

குத்துச்சண்டையில் யார் பெரிய வீரர், ராக்கி மார்சியானோவா, முகமது அலியா? ஹட்டன் தேத்தண்ணிக் கடையில் தம்பிமார் இன்னும் இதில் இரண்டு பட்டு நிற்கிறார்கள்.

கணக்கு: மார்சியானோ 49 போட்டி, 49 வெற்றி. அலி 61இல் 56.

எதிராளியின் வயது: 1951இல் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு 37. அடுத்த வருடம் அவரிடம் உலகப் பட்டத்தை இழந்த வால்காட்டுக்கு 38. (வால்காட்டைச் சாய்த்த அந்த 13ஆம் சுற்றுக் குத்து அற்புதம், அதை மறுக்கவே முடியாது.) 1974இல் அலி சாய்த்த ஃபோர்மனுக்கு 25தான், 40 போட்டியிலும் தோற்காதவர். அலியைத் தோற்கடித்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டாம் சுற்றிலேயே முடித்தவர். அவரைத்தான் அலி 32 வயதில் எட்டாம் சுற்றில் விழுத்தினார்.

சரி, கறைபடாத கணக்குத்தான் முக்கியமென்றால் மார்சியானோ. யாரை வென்றார் என்பதே அளவென்றால் அலி. நான் அலி பக்கம்.