கோஸ்டா ரிக்கா முதல் பயணம்: பசிபிக் பக்கமா, கரீபியன் பக்கமா?

மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிக்காவுக்கு முதல் தடவை கிளம்புகிறவர்கள் கையில் அநேகமாக ஒரே பட்டியல்தான் இருக்கும்: எரிமலை, மேகக் காடு, கடற்கரை, ஆமை. வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நாட்டின் பரப்பே 51,100 சதுர கிலோமீட்டர்தான், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ஆனால் நடுவில் மலைத்தொடர் ஓடுகிறது. 100 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆவது அங்கே சாதாரணம். எட்டு, ஒன்பது நாளில் இரண்டு கடலையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டால், விடுமுறையில் பாதி வேனுக்குள்ளேயே போய்விடும். ஒரு கடலைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

எந்தக் கடலானாலும் லா ஃபோர்ட்டூனாவில் இரண்டு இரவு தங்கலாம். அரெனால் எரிமலையின் அடிவாரத்து ஊர் அது. 1968இல் திடீரென்று வெடித்த அரெனால் 2010இல் அடங்கிவிட்டது. இரவில் நெருப்புக் குழம்பு வழிகிற பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள், இப்போது அதெல்லாம் கிடையாது. மலையின் சூட்டில் வருகிற வெந்நீர் ஊற்றுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உச்சியை மேகம் மூடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டால் மலையைப் பார்க்காமலே திரும்ப வேண்டி வரலாம். சரி, அங்கிருந்து மேற்கே பசிபிக் பக்கம் போவதா, கிழக்கே கரீபியன் பக்கம் போவதா?

இதை உங்கள் ரசனை முடிவு செய்வதைவிட நீங்கள் போகும் மாதம் முடிவு செய்வது நல்லது. பசிபிக் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், செப்டம்பரும் அக்டோபரும் மழை உச்சம். கரீபியன் பக்கம் நேர்மாறு. வருடம் முழுக்க அவ்வப்போது மழை உண்டு என்றாலும், பசிபிக் நனைந்துகொண்டிருக்கும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே வெயில் அதிகம். இது தெரியாமல் நாங்கள் முதல் முறை அக்டோபரில் பசிபிக் கரையில் உள்ள மானுவேல் அன்டோனியோவுக்கு அறை போட்டோம். மூன்று நாளும் மழை. பிள்ளைகள் ஜன்னல் வழியாகத்தான் கடலைப் பார்த்தார்கள். மறுமுறை செப்டம்பரில் கிழக்கே போனபோதுதான் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது.

மேற்கே போனால் முதலில் மேகக் காடு இருக்கும் மலையூர் மொன்டேவெர்தே. அரெனால் ஏரியின் இந்தக் கரை வரை வேன், நடுவில் படகு, அந்தக் கரையில் மறுபடி வேன் என்று ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். ஏரியைச் சுற்றிச் சாலையிலும் போகலாம், ஆனால் படகு சுகம். 1948இல் கோஸ்டா ரிக்கா தன் ராணுவத்தையே கலைத்துவிட்டது. போருக்கு ஆள் சேர்ப்பதை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள் சில, அதைக் கேள்விப்பட்டு 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்து இங்கே பால் பண்ணை போட்டன. தங்கள் ஓடைகள் வற்றிவிடக் கூடாதென்று மேலே இருந்த காட்டை வெட்டாமல் விட்டார்கள். இன்று நாம் நடக்கிற காப்புக்காட்டுக்கு அதுதான் தொடக்கம். தொங்கு பாலத்தில் நிற்கும்போது மேகம் முகத்தில் உரசிக்கொண்டு போகும். ஸ்வெட்டர் கட்டாயம். மார்ச் முதல் ஜூன் வரை கெட்ஸால் பறவை கூடு கட்டும் காலம், வழிகாட்டியோடு போனால் பார்க்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் மானுவேல் அன்டோனியோ. காடும் வெண்மணல் கடற்கரையும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பூங்கா. நடைபாதை சுலபம், குழந்தைகளும் வயதானவர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம். அணில் குரங்கை இந்தப் பசிபிக் பக்கத்தில் மட்டுமே பார்க்க முடியும். செவ்வாய்க்கிழமை பூங்கா மூடியிருக்கும். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் எகிறும்.

கிழக்கே கதையே வேறு. ஆமைகள் வரும் கடற்கரை ஊரான டொர்த்துகேரோவுக்குச் சாலையே கிடையாது. லா பாவோனா என்ற படகுத்துறை வரை வண்டியில் போய், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் கால்வாயில் போக வேண்டும். அந்தப் படகுப் பயணத்திலேயே முதலையும் ஊளைக் குரங்கும் தென்பட்டுவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை பேராமைகள் முட்டையிட வரும் கரை இது. சென்னைக் கடற்கரைக்கு வருகிற பங்குனி ஆமையைவிட நன்றாகப் பெரியது. இரவில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் கரைக்குப் போகலாம், கறுப்பு நிற உடை போடச் சொல்வார்கள், புகைப்படம் எடுக்கக் கூடாது. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் ஒரு ஆமை கிடைத்தது. பின்கால்களால் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. பத்து வயது மகள் மூச்சுக் காட்டாமல் நின்றாள். என் பயணங்களிலேயே அதற்கு ஈடான இரவு வேறு இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அங்கே கடலில் குளிக்க முடியாது. அலையும் நீரோட்டமும் மோசம்.

குளிப்பதற்குத் தெற்கே கவூய்த்தாவும் புவெர்த்தோ வியெஹோவும் இருக்கின்றன. சான் ஹொசேயிலிருந்து லிமோன் துறைமுகத்துக்கு 1890இல் முடிந்த ரயில் பாதையைப் போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம்தான் இந்தக் கரையில் வாழ்கிறது. அதனால் சாப்பாடும் மாறுகிறது. நாடு முழுக்கக் காலையில் கிடைக்கும் காய்யோ பின்த்தோ என்பது சோறும் பயறும் பிரட்டியது. இங்கே அதே அரிசியையும் பயறையும் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, ஒரு வாரம் தினமும் தின்றும் அலுக்கவில்லை. கவூய்த்தா பூங்காவை அரசும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். 1994இல் நுழைவுக் கட்டண உயர்வை எதிர்த்து ஊரே எழுந்து நின்றதன் பலன் அது. நிழலான கடலோரப் பாதையில் நடந்தபடியே தலைக்கு மேல் ஸ்லாத் என்ற மெதுவாக நகரும் விலங்கு மரத்தில் தொங்குவதைப் பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்தப் பக்கம் போனாலும் ஸ்பானிஷில் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கார்னே என்றால் அவர்களில் பலருக்கு மாட்டிறைச்சி என்றே பொருள், கோழி தட்டில் வந்துவிடும். ‘சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாடகைக் கார் மேற்குப் பக்கம் நல்ல வசதி. ஆனால் இணையத்தில் காட்டும் வாடகையோடு கட்டாயக் காப்பீட்டுத் தொகையும் சேரும், முன்பதிவுக்கு முன்பே மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். வருடம் முழுக்க ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதன் பிறகு மலைச் சாலையில் ஓட்ட வேண்டாம். கிழக்கே டொர்த்துகேரோவுக்குக் கார் உதவாது, படகுத்துறையில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஷட்டில் வேனே போதும்.

டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போகிறீர்கள், கூடவே வயதான அப்பா அம்மாவோ கைக்குழந்தையோ வருகிறார்கள் என்றால் தயங்காமல் மேற்கு. செப்டம்பர், அக்டோபர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிழக்கு. ஜூலை, ஆகஸ்ட் இரண்டுக்கும் பொது. என்னைக் கேட்டால் ஆமைக்காகக் கிழக்கே போகச் சொல்வேன். கிழக்கே போனால் திரும்பும் நாளில் மட்டும் கவனம். லிமோனிலிருந்து தலைநகருக்கு வரும் 32ஆம் எண் நெடுஞ்சாலை மலையைக் கடக்கும் இடத்தில், மழைக்கு மண் சரிந்தால் மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள். கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான அலாஹுவேலாவில் வைத்துக்கொள்ளுங்கள்.