மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு: பிசியோ வீட்டுக்கு வருவதா, நாம் மையத்துக்குப் போவதா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றால் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எந்த வகைச் செயற்கை மூட்டு என்று நம் பக்கத்தில் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். கோயம்புத்தூரில் அறுவை செய்துகொண்டு வந்த பெரியம்மாவையோ சித்தப்பாவையோ தேடிப் போய்ப் பார்த்து, தழும்பு முதல் செலவு வரை கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் அறுவைக்குப் பிந்தைய பயிற்சியை எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் செய்வது என்ற கேள்விக்கு இந்த விசாரணையில் இடமே இருப்பதில்லை. வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டோடு தரப்படும் ஒரு படத்தாளோடு அது முடிந்துவிடுகிறது. காங்கேயத்துக்கு அருகே தோட்டத்துச் சாளையில் வசிக்கும் என் அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை நடந்தபோது, இயன்முறை சிகிச்சையாளரை வீட்டுக்கே வரவழைப்பது என்று நாங்கள் முடிவெடுத்தோம். அந்த முடிவின் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

எங்கள் முன் இருந்தவை நான்கு வழிகள். கோவையிலேயே ஒரு மறுவாழ்வு மையத்தில் சில நாட்கள் தங்கிப் பயிற்சி பெறுவது. வீட்டிலிருந்து திருப்பூருக்கோ காங்கேயத்துக்கோ ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போய்வருவது. பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரச் சொல்வது. படத்தாளையும் கைப்பேசிக் காணொளிகளையும் வைத்துக்கொண்டு தாமே செய்வது.

தங்கிப் பயில்வதை நாங்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். செலவு மட்டும் காரணமன்று. சிக்கலின்றி முழங்கால் அறுவை முடிந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பத்து நாட்கள் உள்நோயாளியாக வைத்துப் பயிற்சி தந்து பின்னர் வீட்டுப் பயிற்சிக்கு அனுப்பியும், மற்றவர்களை நேரே கண்காணிப்புடன் கூடிய வீட்டுப் பயிற்சிக்கு அனுப்பியும் சிட்னியில் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 26 வாரங்களுக்குப் பிறகு ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தொலைவில் இரு பகுதியினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தனியாக வசிப்பவர், வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதவர், வேறு நோய்களால் தளர்ந்தவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. எங்கள் வீட்டில் ஆள் இருந்தது.

தாமே செய்வதையும் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையின் முன்தசையை இறுக்கி விடுவது, காலை நேராக உயர்த்துவது, குதிகாலைக் கட்டில்மேல் இழுத்து முட்டியை மடக்குவது என்று தொடக்கப் பயிற்சிகள் எவரும் செய்யக்கூடியவை. கடினம் பிறகுதான் வருகிறது: எப்போது கூட்டுவது, எந்த வீக்கம் இயல்பானது, எது குறைக்கச் சொல்லும் வீக்கம் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். வலிக்கு இதமாக முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் உபசாரம். கால் முழுதும் நீளாமல் மடங்கியே நிற்கும் பழக்கத்துக்கு அது நல்ல வழி. தலையணை வைத்தே தீரவேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும் என்பதைத் தாள் சொல்கிறது, ஆனால் நடுஇரவில் தாளை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?

ஆகவே உண்மையான போட்டி மையத்துக்கும் வீட்டு வருகைக்கும் இடையில்தான். மையத்தின் பலங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நிலைமிதிவண்டி, இணைக் கம்பிகள், எடை கூட்டிக் காலால் தள்ளும் கருவி, தசையை மின்தூண்டலால் சுருங்கச் செய்யும் கருவி ஆகியவை அங்கே இருக்கும். அறுவை முடிந்து ஆறு வாரமான ஒருவர் தடியில்லாமல் நடப்பதை இரண்டு வாரமே ஆன ஒருவர் கண்ணால் பார்ப்பது, எந்த மருத்துவரின் ஆறுதலைவிடவும் தெம்பு தரும். தசை வலுவைத் திட்டமிட்டுக் கூட்டுவதில், நல்ல மையத்துக்கு வீட்டு வருகை ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் முட்டியில் தையல் காயாத காலத்தில் காரில் ஏறி, காலை மடக்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, திருப்பூரின் நெரிசலில் நின்று நகர்ந்து மையத்தை அடையும்போது முட்டி வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தை வெறும் தொந்தரவு என்று தள்ளிவிட முடியாது. மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கும்போது, தொடையின் முன்தசைக்குப் போகும் நரம்புத் தூண்டலே தன்னால் மட்டுப்பட்டுவிடுகிறது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. இது போக, நாங்கள் பார்த்த மையம் ஒன்றில், மின்சிகிச்சைக்கும் ஒத்தடத்துக்கும் அமர்வின் பெரும்பகுதி போய், நோயாளி தாமாகக் காலை அசைக்கும் நேரம் கடைசிப் பத்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது. எல்லா மையங்களும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தைப் பெருமையாகக் காட்டுகிற இடங்களில், அந்த இயந்திரம் முட்டியின் மடக்கத்தில் தரும் கூடுதல் பலன் சுமார் 2 டிகிரிதான் என்பதைத் தொகுப்பாய்வுகள் கண்டிருப்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நோயாளி தாமே உழைக்கிறார்?

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். அது தொடர்ச்சி. சிகிச்சையாளர் நம்மோடு இருப்பது நாளில் ஒரு மணி நேரம். அவர் வருவதே நின்றுபோன பிறகு, இரண்டாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் பயிற்சி நடக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் கால் மீள்கிறது. அறுவை முடிந்த முதல் மாதத்தில் தொடையின் முன்தசை, அறுவைக்கு முன்பிருந்த வலுவில் பாதிக்கும் மேல் இழந்துவிடுவதாக அளந்து காட்டியிருக்கிறார்கள். மூட்டு வலியால் ஆண்டுக்கணக்கில் காலைத் தாங்கித் தாங்கி நடந்து ஏற்கெனவே நலிந்திருந்த தசை அது. வலி போய்விடுவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆறாவது வாரத்தில் பயிற்சியை நிறுத்துகிறவர்கள், ஓராண்டு கழித்தும் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதன் காரணம் இந்தத் தசைதான். செயற்கை மூட்டின் மேல் பழி போடுவதில் பயனில்லை.

மையத்துக்குப் போகிற வரையில், பயிற்சி என்பது மையத்தில் நடக்கும் ஒரு காரியமாக மனத்தில் பதிந்துவிடுகிறது. போக்குவரத்து நின்றால் பயிற்சியும் நிற்கிறது. முகூர்த்த மாதம் வந்தால், மழை பிடித்தால், மஞ்சள் வெட்டுக்கு ஆள் வந்துவிட்டால், வண்டி ஓட்டுகிற மகனுக்குப் பனியன் கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடி வந்தால், முதலில் விடுபடுவது அம்மாவின் பயிற்சியாகத்தான் இருக்கும். "எனக்கு நல்லாத்தான் இருக்குது சாமி, நீ உன் வேலையைப் பாரு" என்று அவரே வழி விட்டுக் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்த பெண், முதல் நாள் காலைத் தொடுவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆசாரத்திலிருந்து, அதாவது முன்கூடத்திலிருந்து, வாசலுக்கு இறங்கும் படியின் உயரம், குளியலறைத் தரை, அம்மா வழக்கமாக உட்காரும் பலகை, மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் போகும் மேடுபள்ளமான மண்பாதை ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். சமதளத்தில் நடப்பதற்கு முழங்கால் சுமார் 65 டிகிரி மடங்கினால் போதும், படி ஏறுவதற்கு 85 டிகிரி அளவு வேண்டும், தாழ்வான இருக்கையிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதற்கு 100 டிகிரியை ஒட்டி வேண்டும் என்று சொல்லி, இந்த வீட்டுக்கு எந்த அளவு தேவை என்பதை அவர் அம்மாவுக்கே விளங்கவைத்தார். பலகை போய் உயரமான நாற்காலி வந்தது. மேற்கத்தியக் கழிப்பறை அறுவைக்கு முன்பே கட்டியாகிவிட்டது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவைக் கால் முதலில் என்ற விதி, வேறெங்கோ உள்ள மரப்படியில் பழகப்படாமல் எங்கள் படியிலேயே பழகப்பட்டது.

அதைவிட முக்கியமாக, அவர் பயிற்சிகளை நாளின் வேலைகளோடு கட்டிவைத்தார். காலைக் காப்பிக்கு முன் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது குதிகாலைச் சுருட்டிய துண்டின்மேல் வைத்து முட்டியைக் கீழே அழுத்துவது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. மாலையில் படியில் ஏறி இறங்குவது. மடக்கத்தின் அளவைக் கோணமானியால் பார்த்து நாள்காட்டித் தாளில் எழுதிவைத்தார். எழுதப்பட்ட எண்ணைப் பார்த்து அடுத்த வாரம் அதைக் கூட்டவேண்டும் என்று அம்மாவுக்கே ஒரு வீம்பு வந்துவிட்டது. அந்த வீம்பை எந்தக் கருவியாலும் ஊட்ட முடியாது. தொடக்கத்தில் ஒன்றுவிட்ட ஒரு நாள், பிறகு வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, அதன்பின் பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று வருகைகளை அவரே குறைத்துக்கொண்டே போனார். தம் தேவையைத் தாமே குறைத்துக்கொள்ளும் சிகிச்சையாளர் கிடைப்பது அரிது என்பதும் உண்மைதான்.

வீட்டு வருகையின் குறைகளையும் சொல்லவேண்டும். யார் வருகிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. இயன்முறை சிகிச்சையில் பி.பி.டி. பட்டம் பெற்றவரா என்று கேட்டே ஆகவேண்டும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறவர்களும் தங்களைப் பிசியோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். காலை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் வேகமாக மடக்குவது வீரமாகக் கருதப்படும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மாலையில் கூடிய வீக்கம் மறுநாள் காலையிலும் வடியாவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் பயிற்சியாளருக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். தோட்டங்களுக்குள் வண்டி ஓட்டி வரும் பெண் சிகிச்சையாளர்கள் குறைவு. ஆண் ஒருவர் வந்து முட்டியைத் தொட்டுப் பார்ப்பதில் நம் ஊர் மூத்த பெண்களுக்கு இருக்கும் கூச்சம், பயிற்சியின் பாதியைத் தின்றுவிடக்கூடியது. எங்களுக்கு ஆள் அமைந்தது தற்செயல்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு வருகையின் கட்டணம் மையத்தின் கட்டணத்தைவிடக் கூடுதல். வாடகைக் காரையும் உடன்போகிறவரின் ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. நகருக்குள், மையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த வாதம் செல்லாது. பணம் தடையாக இருப்பவர்கள் ஆகஸ்டு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பதை அறிந்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். நாங்கள் அந்த வழியில் போகாததால் அதன் அனுபவத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

என் சாய்வுக்கு எல்லைகள் உண்டு. இது ஒரு முழங்காலின் அனுபவம் மட்டுமே. இரண்டு கால்களுக்கும் ஒரே சமயத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், ஊன்றுவதற்கு நல்ல கால் இல்லாதவர்கள் என்பதால், முதல் வாரங்களைக் கருவிகளும் ஆட்களும் உள்ள இடத்தில் கழிப்பது பொருத்தமாக இருக்கக்கூடும். ஆறு வாரமாகியும் முட்டி 90 டிகிரியைத் தாண்டாமல் இறுகி நிற்பவர்கள் வீட்டிலேயே முயன்றுகொண்டிராமல் அறுவை மருத்துவரிடம் காட்டவேண்டும். மயக்க மருந்து தந்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை காலம் கடந்தால் அவ்வளவாகப் பலிப்பதில்லை. பக்கவாதத்துக்கு இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துச்செல்ல மாட்டேன். கை, பேச்சு, விழுங்குதல் என்று பல துறையினர் சேர்ந்து கவனிக்கவேண்டிய நோய் அது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தசை வலுவை இன்னும் கூட்டவேண்டி இருப்பவர்கள், கால் தாராளமாக மடங்கிப் பயணம் சுமையில்லாமல் ஆன நிலையில், மையத்துக்கு வாரம் இருமுறை போவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அம்மாவுக்கும் அதைச் சொல்லிப் பார்த்தோம். தினமும் கட்டுத்தறி வரை போய்வருவதே போதும் என்று அவர் மறுத்துவிட்டார்.