இரண்டு கையெழுத்து, ஒரு வழக்கு: வெளியேற்றப் பதிவிலிருந்து மீள எந்த வழி மேல்?

மார்ச் மாதம் உறவு முறிந்தது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவன் அதே அபார்ட்மென்டில் தங்கினான். மே மாதத்தோடு வாடகை கட்டுவதை நிறுத்தினான். ஜூலையில் வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர்களை வெளியேற்றக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கில் இரண்டு பெயரும் இருந்தன. சம்மனை ஒட்டியது பழைய வீட்டுக் கதவில். இருவரும் ஆஜராகவில்லை, ஒருதலைத் தீர்ப்பு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, நல்ல சம்பளமும் நல்ல கிரெடிட் ஸ்கோரும் இருந்தும் புதிய வீடு மறுக்கப்பட்டபோதுதான், அப்படியொரு வழக்கு நடந்ததே அவளுக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் சேர்ந்து குடியிருந்து பிரிந்தவர்களுக்கு நேரக்கூடிய நிலைமை இது. பெயரில்லாத அந்தப் பெண்ணை உதாரணமாக வைத்துக்கொண்டே வழிகளை எடை போடுவோம்.

முதலில் ஒரு கசப்பான உண்மை. சேர்ந்து கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாக ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. ‘ஆளுக்குப் பாதி’ என்பது உங்கள் இருவருக்குள் பேசிக்கொண்டது. அது உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. வீட்டை விட்டுப் போனதால் ஒப்பந்தத்திலிருந்து பெயர் போய்விடுவதில்லை. ஆகவே “பாக்கி வைத்தது அவன்தானே” என்ற வாதத்தை மட்டும் நம்பி எந்த வழியிலும் இறங்க வேண்டாம். பலர் அதைச் சொல்லியே மாதங்களை வீணடிக்கிறார்கள்.

அடுத்தது, பதிவு எங்கே இருக்கிறது என்பது. நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. அதிலிருந்து தகவல் திரட்டி, குடியிருக்க விண்ணப்பிப்பவர்களைப் பற்றி அறிக்கை விற்கும் நிறுவனங்களிடம் இருக்கிறது. வாடகை பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தால் கிரெடிட் அறிக்கையிலும் இருக்கும். மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் சிவில் தீர்ப்புகளை 2017 ஜூலையில் தங்கள் அறிக்கைகளிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டன. அதனால் கிரெடிட் அறிக்கை சுத்தமாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை. வீட்டு உரிமையாளர் பார்ப்பது வேறு அறிக்கை.

அறிக்கை நிறுவனத்தோடு மோதுவதா, நீதிமன்றத்துக்குப் போவதா?

விரைவானது முதல் வழி. 1970-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான நியாயமான கிரெடிட் அறிக்கைச் சட்டம் இந்த நிறுவனங்களுக்கும் பொருந்தும். அறிக்கையைக் காரணம் காட்டி வீடு மறுக்கப்பட்டால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அதன் நகல் இலவசம். தவறு என்று ஆட்சேபித்தால் 30 நாட்களில், சில சமயம் 45 நாட்களில், விசாரித்து முடிக்க வேண்டும். நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆயுதம் தவறை மட்டுமே வெட்டும். தள்ளுபடியான வழக்கு தீர்ப்பானதாகக் காட்டப்படுவது, ஒரே வழக்கு இரண்டு முறை வருவது, பொதுவான ஏழு ஆண்டு வரம்பைத் தாண்டிய பதிவு, நீதிமன்றம் பொதுப் பார்வையிலிருந்து மூடி வைத்த பதிவு இன்னும் தலைகாட்டுவது, வேறு ஒருவரின் வழக்கு உங்கள் பெயரில் ஏறுவது ஆகியவற்றுக்கு இதுவே போதும். (அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம்மவர்கள் பெயர்க் குழப்பத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஒரே ‘குமார்’ எத்தனை பேர்!) இத்தகைய பிழைகள் அரிதானவை என்று எண்ண வேண்டாம். வெளியேற்ற வழக்குத் தகவல்களின் துல்லியத்தை உறுதிசெய்யத் தவறியதாக எழுந்த குற்றச்சாட்டில், 2023 அக்டோபரில், மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களில் ஒன்றான டிரான்ஸ்யூனியன் 1.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

நம் உதாரணப் பெண்ணுக்கோ பதிவு ‘சரி’. வழக்கு நடந்தது, தீர்ப்பும் வந்தது. அவள் எத்தனை முறை ஆட்சேபித்தாலும் “சரிபார்த்தோம், உண்மை” என்றே பதில் வரும். அவளுக்கு வழி நீதிமன்றம்தான்.

அங்கே இரண்டு கதவுகள் உண்டு. முதல் கதவு, தீர்ப்பையே நீக்கக் கேட்பது. சம்மன் ஒட்டப்பட்ட நாளில் அவள் அங்கே குடியிருக்கவில்லை என்பது இங்கேதான் விலைபெறுகிறது. புதிய வீட்டின் ஒப்பந்தம், மாற்றிய முகவரி, மின்கட்டண ரசீது எல்லாம் சான்று. காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உதாரணமாக கலிஃபோர்னியாவில், வழக்கு நடப்பதே உரிய நேரத்தில் தெரியாமல் போனவர், ஒருதலைத் தீர்ப்பு பதிவாகி இரண்டு ஆண்டுக்குள் அல்லது தீர்ப்பு பதிவானதை எழுத்தில் அறிவித்து 180 நாட்களுக்குள், எது முந்தியதோ அதற்குள் மனு கொடுக்கலாம். ஆகவே செய்தி தெரிந்த வாரமே நகர வேண்டும்.

இரண்டாவது கதவு, பதிவைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடி வைக்கக் கேட்பது. இதில் எந்த மாநிலத்தில் வழக்கு நடந்தது என்பதே தலையெழுத்து. மின்னசோட்டாவில் 2024 ஜனவரி முதல் வழக்கு தள்ளுபடியானாலோ, இரு தரப்பும் சம்மதித்தாலோ, வெளியேற்ற உத்தரவு வந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டாலோ பதிவை நீக்கச் சட்டம் வழிசெய்கிறது. ஓரிகானில் பொதுவாக வெளியேற்றத் தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டு ஆகி, அதில் கட்டச் சொன்ன பணமும் தீர்ந்திருக்க வேண்டும். மாசசூசெட்ஸில் 2025 மே மாதம் முதல்தான் இந்த மனுவுக்கே இடம் பிறந்தது. கலிஃபோர்னியாவில் தலைகீழ்: வழக்கு தொடுத்த 60 நாட்களுக்குள் உரிமையாளர் வெல்லாவிட்டால் பதிவு பொதுப் பார்வைக்கே வராது. இப்படிப் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லாத மாநிலங்களில் முதல் கதவையே தட்ட வேண்டியிருக்கும். நீதிமன்றக் கட்டணத்துக்கு வருமானத்தைப் பொறுத்து விலக்கு கேட்கலாம். இலவசச் சட்ட உதவி அமைப்புகளில் பலவற்றுக்கு இந்த மனு பழகியது.

என் தேர்வைக் கேட்டால் நீதிமன்றம். மெதுவானதுதான், ஆனால் ஊற்றை அடைக்காமல் வாய்க்காலை மட்டும் அடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பணம் கட்டித் தீர்ப்பது?

இதுதான் மனம் முதலில் போகும் வழி, பெரிதும் ஏமாற்றும் வழியும்கூட. பாக்கியைக் கட்டினால் ‘தீர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி சேரும். வழக்கு அப்படியே நிற்கும். பணம் கையில் கிடைத்த பிறகு உரிமையாளர் உங்கள் தொலைபேசியை எடுக்க என்ன அவசியம்? ஆகவே பேரம் பணத்துக்கு முந்தியது. “இவ்வளவு தருகிறேன், என் பெயர் வரையிலாவது தீர்ப்பை நீக்கி வழக்கைத் தள்ளுபடி செய்ய எழுத்தில் சம்மதியுங்கள், மூடி வைக்க ஆட்சேபம் இல்லை என்றும் எழுதுங்கள்” என்று கேட்டு, கையெழுத்தான தாளைப் பெற்ற பிறகே காசோலை. மின்னசோட்டா போன்ற இடத்தில் அந்தச் சம்மதத் தாள் தனியாகவே பாதி வேலையை முடித்துவிடும். ஆகவே இதைத் தனி வழியாக எடுத்துக்கொள்ளாமல் நீதிமன்ற வழிக்குத் துணையாக வைத்தால் மதிப்பு கூடும்.

கட்டிய பணத்தில் பாதியைப் பழைய துணையிடம் சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு வரம்பு 12,500 டாலர். பணம் வரலாம், பதிவு போகாது. கோபத்தில் இதை முதலில் செய்பவர்கள் உண்டு; கடைசியில் செய்தால் போதும்.

பதிவோடு வாழ்வது

சின்ன உரிமையாளர்களைத் தேடுவது, நிலைமையை விளக்கி ஒரு பக்கக் கடிதம் கொடுப்பது, ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் பிடிப்பது, கூடுதல் முன்பணம் தருவதாகச் சொல்வது. அடுத்த மாதமே வீடு வேண்டும் என்றால் இதுதான் நடைமுறை. ஆனால் கடைசி உத்தி எல்லா இடத்திலும் செல்லாது: நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் முன்பணம் பொதுவாக ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. நியூயார்க்கில் அந்த உத்தி அவ்வளவு தேவையும் இல்லை. பழைய வழக்கைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. விசாவில் இருப்பவர்களின் பயத்துக்கு ஒரு வார்த்தை: வெளியேற்ற வழக்கு சிவில் விவகாரம், குற்றப் பதிவு அல்ல.

பிரிவுக்குக் காரணம் வன்முறை என்றால் மேலே சொன்ன வரிசையெல்லாம் மாறும். ‘பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்’ என்ற கூட்டாட்சிச் சட்டம், பெயர் எப்படி இருந்தாலும் ஆண்களையும் காக்கும். கூட்டாட்சி உதவி பெறும் வீடுகளில், வன்முறைக்கு ஆளானதன் விளைவாக வந்த பழைய வெளியேற்றத்தைக் காட்டி மறுக்கக்கூடாது என்கிறது. தனியார் வீடுகளுக்கு மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இதை வெட்கப்பட்டுக் கடைசிப் பத்தியில் எழுதாமல் மனுவின் முதல் பத்தியில் எழுத வேண்டும்.

நீதிமன்றம் மூடி வைக்க உத்தரவிட்டதும் வேலை முடிந்ததாக நினைத்து உடனே வீடு தேடப் போகவும் வேண்டாம். அறிக்கை நிறுவனங்கள் பழைய நகலையே கையில் வைத்திருக்கக்கூடும். உத்தரவின் சான்றளித்த நகலை இணைத்து, வீட்டை மறுத்தபோது வந்த கடிதத்தில் பெயர் கண்ட நிறுவனத்துக்கு ஆட்சேபம் அனுப்புங்கள். முன்பு “சரிபார்த்தோம், உண்மை” என்று சொன்ன அதே ஆட்சேப வழி இந்த முறை வேலை செய்யும்.