பின் அக்சல் சத்தத்துக்கு டிபரன்ஷலே மாத்தணும் எண்டு சொன்னா உடனே தலையாட்டாதீங்க: 104,500 ரூபா போயிட்டு

104,500 ரூபா. ஒரு பெயாரிங்கோட முடிய வேண்டிய வேலைக்கு வாங்கின காசு இது. ஆத்திரம் இன்னும் அடங்கல்ல, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

கராஜ்ட பேர் போடல்ல. மட்டக்களப்பு டவுணுக்குக் கொஞ்சம் வெளிய, பெரிய ரோட்டோரம், டீசல் வேன் வேலைக்கெண்டே பேர் எடுத்த ஒரு இடம். அதுக்கு மேல கேக்காதீங்க. இந்த வேலை கல்முனையிலயும் நடக்கும், அக்கரைப்பற்றிலயும் நடக்கும். பேரை விட அவங்க செய்யிற முறையைத் தெரிஞ்சு வைக்கிறதுதான் உதவும். கடைசியில என்னென்ன கவனிக்கணும் எண்டு விரிவா எழுதுறன்.

வேன் டொயோட்டா ஹயஸ் டொல்பின். ஹயர் ஓடுறது, மச்சான்ட கையில. 40 தாண்டினா பின்னால இருந்து வும்ம்ம் எண்டு ஒரு உறுமல் தொடங்கும், 60ல நல்லாக் கூடும், ஆக்கள் நிறைய ஏறினா இன்னும் கூடும். மச்சான் கொண்டு போய்க் காட்டியிருக்காரு. கராஜ் பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், வேனை ஒரு அடி கூட ரோட்டுல ஓட்டிப் பாக்கல்ல. ஜெக்கில ஏத்தி, டிபரன்ஷல்ட (பின் அக்சல் நடுவுல எஞ்சின்ட சுத்தை ரெண்டு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப் பெட்டி) ஒயில் ஊத்துற நட்டைக் கழட்டி, உள்ள விரலை விட்டு எடுத்து வெயில்ல பிடிச்சுக் காட்டியிருக்கான். "பாருங்க அண்ணே, தங்கம் மாதிரி மினுங்குது. கிரவுண் வீல் போயிட்டு. இதோட தூரப் பயணம் போனா நடுரோட்டுல வீல் லொக் ஆகும், ஆக்கள் இருக்கிற வேன். எங்கட சொந்த வேன் எண்டா நான் இன்னைக்கே மாத்துவன்."

அந்தக் கடைசி வசனத்துலதான் மச்சான் விழுந்தாரு. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏத்துற வேன், எந்த ட்ரைவருக்கும் வயித்தைக் கலக்கும். தேத்தண்ணியும் எடுத்துக் குடுத்து, ஜப்பான் பாவிச்ச டிபரன்ஷல் 82,000, கூலி 15,000, ஒயில் கஸ்கெட் சீல் 7,500 எண்டு ஒரு துண்டில எழுதிக் குடுத்தாங்க. அந்தத் துண்டில கடைப் பேரும் இல்ல, திகதியும் இல்ல. மொத்தம் 104,500.

முதல்ல அந்த மினுக்கத்தைப் பாப்பம். டிபரன்ஷலுக்குள்ள இருக்கிற பெரிய பல்லுச் சக்கரம் கிரவுண் வீல், அதை ஓட்டுறது பினியன். ரெண்டும் உருக்கு. அது தேஞ்சா ஒயில்ல சாம்பல் நிறத் தூள்தான் வரும், தங்க நிறம் வராது. தங்க நிறம் எண்டா சில வண்டிகள்ல சின்னப் பல்லுகளுக்குப் பின்னால இருக்கிற வெண்கல வாஷரா இருக்கலாம், இல்லாட்டி வெயில்ல எந்த கியர் ஒயிலும் காட்டுற பளபளப்பா இருக்கலாம். பாக்க வேண்டிய இடம் கீழ இருக்கிற காந்த நட். அதுல சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தா பயப்பட ஒண்டும் இல்ல, ஓடின வண்டிக்கு அது வழமை. ஊசி ஊசியா, தகடு தகடா, பல்லுத் துண்டாக் கிடந்தாத்தான் கதை வேற. ஒயில் பால்தேத்தண்ணி நிறமா இருந்தா தண்ணி போயிருக்கு. எங்கட பக்கம் இது அடிக்கடி வரும். மாரியில படுவான்கரைப் பக்கம் வெள்ளத்துக்குள்ள ஓடினா, சூடான அக்சல் தண்ணியில திடீரெண்டு குளிர்ந்து, மேல இருக்கிற காத்துத் துவாரத்தாலயும் சீலாலயும் தண்ணியை உள்ள இழுக்கும். காத்துத் துவாரம் சேத்தால அடைச்சுக் கிடந்தா அதோட சீலும் கெடும்.

சரி, மாத்தினாங்க. வேன் வந்திச்சு. அதே சத்தம், ஒண்டும் குறையல்ல.

போன் எடுத்துக் கேட்டா முதல் பதில்: "புது டிபரன்ஷல் அண்ணே, 500 கிலோமீற்றர் ஓடி செட் ஆகணும்." ஜப்பான்ல ஏற்கனவே ஓடிக் கழிச்ச சாமான் இன்னும் என்ன செட் ஆகுற? பல்லு ஒண்டோட ஒண்டு பழகுறதெல்லாம் பெட்டியில வந்த புதுச் சோடிக்கு. அடுத்த பதில், சாமான் குடுத்த கடைக்காரன் கொழும்புக்குப் போயிருக்கான், வந்த பிறகு கதைப்பம். அதுக்குப் பிறகு, "வேலை மட்டும்தான் எங்கட, சாமான் கடைக்காரன்ட பொறுப்பு." கடைக்காரன்ட நம்பர் கேட்டா, அது தர ஏலாதாம். நேர போனா பாஸ் இல்ல, பொடியன் ஒருத்தன் ஒயில் கையோட நிண்டு "பெரியவர் வந்தா சொல்றன்" எண்டான். இப்ப போன் போகுது, எடுக்கிறாங்க இல்ல. 104,500 வாங்கும்போது மட்டும் ஒரே ரிங்கில எடுத்தாங்க.

இனி உண்மையில என்ன நடந்தது எண்டு சொல்றன். செங்கலடியால பதுளை வீதியில கரடியனாறு பக்கம் வாகனம் குறைஞ்ச நேரத்தில ஓட்டிப் பாத்தாலே விளங்கியிருக்கும்.

பின்னால சத்தம் எண்டா முதல்ல டயரைத்தான் சந்தேகப்படணும். கார்பெட் ரோட்டுல ஒரு மாதிரி, கிறவல்ல இன்னொரு மாதிரி சத்தம் மாறினா அது டயர். டயர் மேல கையை முன்னுக்கும் பின்னுக்கும் தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழுவழுப்பாவும் மறுபக்கம் அரம் மாதிரியும் இருந்தா அதுதான் கத்துது. முன் டயரைப் பின்னுக்கு மாத்திப் போட்டா சத்தமும் இடம் மாறும். செலவு ஒரு சதமும் இல்ல.

பிறகு 60ல போகும்போது எக்ஸலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்க, விடுங்க, பிறகு கிளச்சை மிதியுங்க. கிரவுண் பினியன் சத்தம் எண்டா இழுக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தா இன்னொரு குரல், சில நேரம் காலை எடுத்த உடனே நிண்டே போகும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில மட்டும் ஊளையிட்டு அது தாண்டினா அடங்குறதும் பல்லுச் சத்தம்தான். வீல் பெயாரிங்குக்கு எக்ஸலரேட்டர் பற்றிக் கவலை இல்ல, கிளச் மிதிச்சாலும் அதே உறுமல், வேகத்தோட மட்டும்தான் கூடிக் குறையும். எங்கட வேன்ல கிளச் மிதிச்சபோது ஒரு துளி கூட மாறல்ல. இந்தச் சோதனையில எஞ்சினை மட்டும் நிப்பாட்டிப்போடாதீங்க, பிரேக் பூஸ்டருக்கு வெக்யூம் இல்லாமப் போய் பெடல் கல்லாகிடும்.

குரல்லயும் வித்தியாசம் இருக்கு. 60ல போகும்போது வேன் சில்லு நிமிசத்துக்கு ஏறக்குறைய 500 தரம் சுத்தும், பினியன் அதுட நாலு மடங்கு, 2,000 தரம். அதனால பினியன் பெயாரிங் போனா மெல்லிய, கூரான ஊளை. சில்லுப் பெயாரிங் போனா தடிச்ச உறுமல். அக்சல் வீட்டுக்குள்ள (வெளிக்கூட்டுக்குள்ள) கிரவுண் வீலைத் தாங்குற பக்கப் பெயாரிங் ரெண்டும் சில்லு வேகத்திலதான் சுத்தும், அதால அதுட உறுமலும் தடிப்புத்தான். அதைப் பிரிச்சு அறிய ஜெக்கில ஏத்தணும், கீழ சொல்றன்.

அடுத்தது, ரோட்டு வெறுமையா இருந்தா மெதுவா வலமும் இடமுமா ஒடிச்சுப் பாக்கிறது. வலப்பக்கம் திரும்பினா பாரம் இடப்பக்கச் சில்லுக்குப் போகும். அப்ப சத்தம் கூடினா இடப்பக்கப் பெயாரிங். எங்கட வேன்ல அப்படியே கூடிச்சு. பின் அக்சல்ல இது முன் சில்லு அளவுக்குத் தெளிவாத் தெரியாது, அதனால இதை மட்டும் வச்சு முடிவெடுக்கவும் கூடாது. வளைவுல மட்டும் கடகட எண்டு கேட்டு நேர் ரோட்டுல சத்தமே இல்லாட்டி டிபரன்ஷல்ட நடுச் சின்னப் பல்லுகளைப் பாருங்க, அது திரும்பும்போது மட்டும்தான் தனியாச் சுத்தும். ரிவர்ஸ்ல இருந்து முதல் கியர் போடும்போது டங் எண்டா யூ ஜொயின்ட், அதாவது கியர்பொக்ஸ்ல இருந்து பின் அக்சலுக்கு வாற புரொப்பெலர் சாப்ட்ட மூட்டு.

இப்ப ஜெக். முன் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வச்சு, ரெண்டு பக்க அக்சல் குழாய்க்கும் கீழ ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் விட்டு, ஒரு கையால சில்லைச் சுத்துங்க. மறுகை பிரேக் டிரம்முக்குப் பின்னால இருக்கிற தகட்டில இருக்கட்டும். கெட்ட பெயாரிங் எண்டா கரகரப்பு உள்ளங்கையில தெரியும். பிரேக் சூ உரசுறதோட குழப்பாதீங்க, அது ஸ்ஸ் எண்டு இழுக்கும். நீளமான ஸ்க்ரூ ட்ரைவர்ட நுனியை அந்தத் தகட்டு ஓரத்தில ஒருக்கா, டிபரன்ஷல் மூக்கில (புரொப்பெலர் சாப்ட் வந்து சேருற முன்பக்கம்) ஒருக்கா, நடு வீட்டுப் பக்கத்தில ஒருக்கா வச்சுப் பிடியில காதை வைங்க. எங்க பலமாக் கேக்குதோ அங்கதான் வருத்தம். ஒரு சில்லை மட்டும் தூக்கி வச்சு எஞ்சினால ஓட விடவே கூடாது: தூக்கின சில்லு இரட்டை வேகத்தில சுத்தும், வண்டி ஸ்டாண்டால பாய்ஞ்சாலும் பாயும்.

எனக்கு வயிறு எரியிற இடம் இதுதான். இந்த மாதிரி அக்சல்ல டிபரன்ஷலை வெளிய எடுக்க முதல் ரெண்டு பக்க அக்சல் சாப்டையும் இழுத்தே ஆகணும். பெயாரிங் அந்த சாப்ட்லதான் பிரஸ் பண்ணி இருக்கு. அப்ப அவங்கட கையில அது இருந்திருக்கு! விரலால ஒரு சுத்து சுத்தினா கரகர எண்டு சொல்லியிருக்கும். ஒண்டு சுத்திப் பாக்கல்ல, இல்லாட்டி சுத்திப் பாத்தும் 104,500ஐ விட மனசில்லாம அப்படியே திரும்பப் பூட்டியிருக்காங்க. ரெண்டில எது எண்டாலும் பாஸ் எண்டு சொல்ல வாய் வரல்ல.

வேற இடத்தில இடப்பக்கச் சாப்டை இழுத்தா, பெயாரிங் உள்வளையம் முழுக்கத் துருக்குழி. பெயாரிங், பிடிக்கிற ரிங், ஒயில் சீல், பிரஸ் கூலி எல்லாம் சேத்து 14,000. அந்த உறுமல் முழுசா நிண்டிட்டு. இந்த வேலை செய்யிறவங்களுக்கு ஒரு சொல்லு: பழைய ரிங்கைத் திரும்பப் போடாதீங்க, கிரைண்டரால பாதி வெட்டி உளியால பிளந்து எடுங்க, சாப்ட்ல கீறல் விழக்கூடாது. புதுசை பிரஸ்ல இறக்குங்க. சுத்தியலால அடிச்சு இறக்கினா உள்ள இருக்கிற குண்டுகள் வளையத்தில பள்ளம் போட்டு, புதுப் பெயாரிங்கே முதல் நாள்ல இருந்து கத்தும்.

இன்னும் ஒண்டு கிடக்கு. எங்கட பழைய டிபரன்ஷல் எங்க எண்டு கேட்டா, "பழைய இரும்புக்குப் போட்டாச்சு." ஒரு பிழையும் இல்லாத டிபரன்ஷல் அது. அது இப்ப யார்ட வேன்ல ஓடுதோ தெரியாது. போட்டுத் தந்தது எங்கட ரேஷியோவும் (சில்லு ஒரு சுத்துக்குப் பினியன் எத்தனை சுத்து எண்ட கணக்கு) இல்ல. எங்கடது 4.1, கிரவுண் 41 பல்லு, பினியன் 10. இப்ப இருக்கிறது 39க்கு 8, அதாவது 4.875. இந்த வேன்ல ஸ்பீடோ மீட்டர் கியர்பொக்ஸ்ல இருந்து ஓடுறதால மீட்டர் 60 காட்ட, கைத்தொலைபேசி 50 எண்டு சொல்லுது. டொப் கியர்ல எஞ்சின் அலறுது, டீசல் குடிக்குது. பினியன் சீல் மாத்தும்போது எயார் கன்னால நட்டை இறுக்கியிருக்காங்க போல, இப்ப புதுசா ஒரு மெல்லிய ஊளையும் சேந்திருக்கு. அந்த நட்டுக்கு உள்ள நசுங்குற ஸ்பேசர் ஒண்டு இருக்கு, அளவு மீறி நசுக்கினா பினியன் பெயாரிங் இறுகிக் காயும். சுத்திப் பாத்து, இழுவை அளந்து, கொஞ்சம் கொஞ்சமா இறுக்க வேண்டிய நட் அது. இதையும் கேட்டம். அதுக்கும் "செட் ஆகும்."

விரிவா எழுதுறன் எண்டு சொன்னன், நேரம் போயிட்டு, சுருக்கமாச் சொல்லி விடுறன். ரோட்டுல ஓட்டிப் பாக்காம டிபரன்ஷல் எண்டு சொல்ற ஆளுக்குச் சாவியைக் குடுக்காதீங்க. குடுக்க முதல் ரேஷியோ எண்ணி வைங்க: ஒரு சில்லை மட்டும் தூக்கி, நியூட்ரல்ல, கையால 20 சுத்து சுத்தினா புரொப்பெலர் சாப்ட் எத்தனை சுத்துது எண்டு பாருங்க, 41 வந்தா 4.1, 49க்குக் கிட்ட வந்தா 4.875. பழைய சாமான்ல பெயின்ட் அடையாளம் போட்டு, கழட்டினதைக் கட்டாயம் திருப்பித் தரணும் எண்டு முதலே சொல்லுங்க. கடைப் பேர், திகதி போட்ட பில் இல்லாம முழுக் காசையும் எண்ணிக் குடுக்காதீங்க. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கு, 1977க்கு எடுத்து முறைப்பாடு சொல்லலாம். நாங்களும் எடுத்திருக்கம், அவங்க முதல்ல கேட்டது பில்லைத்தான். எங்கட கையில இருக்கிறது 104,500 எண்டு எழுதின ஒரு துண்டு. கீழ ஒரு கையெழுத்தும் இல்ல.